வேலையிழப்புப் பணம் வாங்கும்போது பகுதிநேர வேலைக்குப் போகலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். க்ரீன் கார்டு இருக்கிறது. ஏப்ரலில் ஆள் குறைப்பில் என் வேலை போனது. ஈடிடியிலிருந்து (வேலையிழப்புப் பணம் தரும் மாநிலத் துறை) வாரம் 450 டாலர் வருகிறது. இப்போது தெரிந்தவர் கடையில் வாரம் 15 மணி நேரம் கணக்கு பார்க்கிறேன், மணிக்கு 20 டாலர். முதல் சம்பளம் இன்னும் கைக்கு வராததால், பணம் கேட்க ஈடிடிக்குப் போடும் படிவத்தில் போன இரண்டு வாரத்துக்கும் ‘வேலை செய்யவில்லை’ என்றே பதில் போட்டேன். சொன்னால் 450 டாலரும் நின்றுவிடுமோ என்று பயம். அம்மாவைப் பார்க்க மூன்று வாரம் மதுரைக்கும் போக வேண்டும். அங்கிருந்தே பதில் போடலாமா?
– ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த இரண்டு வாரத்துக்குப் போட்ட பதிலை ஈடிடிக்கு எழுதிச் சொல்லிச் சரி செய்யுங்கள். இன்றே செய்யுங்கள். படிவத்தில் இருக்கும் கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள்: வேலை செய்தீர்களா, பணம் ஈட்டினீர்களா, ‘சம்பளம் கைக்கு வந்திருந்தாலும் வராவிட்டாலும்’ என்று கேட்கிறார்கள். ஈடிடியைப் பொறுத்தவரை நீங்கள் வேலை செய்த வாரம்தான் கணக்கு, செக் வந்த தேதி இல்லை. அவர்களுடைய வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி சனிக்கிழமை முடியும். நீங்கள் வெள்ளி ஐந்து மணி நேரம், ஞாயிறு நான்கு மணி நேரம் கடையில் இருந்தால் அவை இரண்டு தனித்தனி வாரங்கள், ஒரே செக்கில் பணம் வந்தாலும் சரி. அதனால் தினமும் எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வரி பிடித்தது போக வருவதைச் சொல்லக் கூடாது, பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையைச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் பயம். நிறைய பேர் இந்தப் பயத்தில்தான் மறைத்து மாட்டிக்கொள்கிறார்கள், கணக்கு போட்டுப் பார்ப்பதே இல்லை. கலிஃபோர்னியாவில் உங்கள் வாரச் சம்பாத்தியத்தில் 25 டாலர் அல்லது கால் பங்கு, எது அதிகமோ அதை விட்டுவிட்டு மீதியைத்தான் கழிப்பார்கள். உங்களுக்கு வாரம் 300 டாலர். கால் பங்கு 75 போக 225-ஐ 450-இல் கழித்தால், ஈடிடி தருவது 225. கடைச் சம்பளம் 300-ஐச் சேர்த்தால் 525. சும்மா இருந்து 450 வாங்குவதைவிட 75 டாலர் கூடுதல்! அதோடு, கழித்த 225 உங்களுக்கான மொத்தத் தொகையில் அப்படியே மிச்சமிருக்கும். க்ளெய்ம் ஆண்டு (உங்கள் விண்ணப்பம் தொடங்கியதிலிருந்து ஓர் ஆண்டு) முடிவதற்குள் தேவைப்பட்டால் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். சம்பாத்தியம் வாரம் 600 டாலரைத் தொட்டால்தான் உங்களுக்கு அந்த வாரத் தொகை பூஜ்யமாகும்.

மறைத்தால் என்ன ஆகும்? புதிதாக ஆள் சேர்த்தால் 20 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. ஈடிடி அந்தப் பட்டியலை உங்கள் பதில்களோடு ஒத்துப் பார்க்கும். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவு செய்தால், அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு அதன்மேல் 30 சதவீதம் அபராதமும் உண்டு. 23 வாரம் வரை பணம் நிறுத்தப்படலாம். இரண்டு வாரத்துக்கு நீங்கள் அதிகமாக வாங்கியது 450 டாலர்தான். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே எழுதிச் சொல்வதற்கும், நோட்டீஸ் வந்தபின் விளக்கம் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் முடிவு தவறு என்று தோன்றினால், நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகத் தகுதி பற்றியும் கொஞ்சம். இது தர்மப் பணம் இல்லை, உங்கள் முதலாளி வரி கட்டிய காப்பீடு. வெட்கப்பட்டுக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிறு முதல்தான் க்ளெய்ம் தொடங்கும், தள்ளிப்போட்ட வாரங்கள் பெரும்பாலும் போனதுதான். கடைசியாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கில் வாங்கிய சம்பளத்தைப் பார்ப்பார்கள். ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விண்ணப்பித்தால் முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதில் ஒரு காலாண்டிலாவது 1,300 டாலர் வந்திருந்தால் போதும். அதற்குக் குறைந்தவர்களுக்கும் இன்னொரு வழி உண்டு, காலாண்டில் 900 டாலரிலிருந்து. ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. வேலை போனதும் வேறு இடத்தில் உடனே சேரும் அனுமதி கையில் இல்லாததால், பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

வரியையும் மறக்காதீர்கள். இந்தப் பணத்துக்கு மாநில வரி கிடையாது, மத்திய வரி உண்டு. வாரா வாரம் 10 சதவீதம் பிடிக்கச் சொல்லிவிடுங்கள், அடுத்த ஆண்டு வரி கட்டும்போது திணற வேண்டாம்.

மதுரைப் பயணம் தாராளமாகப் போய் வாருங்கள், அம்மாவைப் பார்க்காமல் இருக்க வேண்டாம். ஆனால் அந்த மூன்று வாரமும் பணம் கேட்காதீர்கள். முழுநேர வேலை வந்தால் உடனே சேரத் தயாராக இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. ஊரில் இருந்துகொண்டு ‘தயார்’ என்று பதில் போட்டால் அது பொய். அந்த வாரங்களுக்கான பணம் உங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடாது. திரும்பி வந்த வாரமே க்ளெய்மை மறுபடி திறந்து, வேலை தேடுவதையும் தொடருங்கள்.