பால் லாரிக்காகப் போட்ட தார்ச்சாலைகள்: தென்மேற்கு விஸ்கான்சினில் சைக்கிள், கேள்வி பதில்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு வந்து 16 வருடம் ஆகிறது. கோடையில் பாதி சனிக்கிழமைகள் விடிவதற்கு முன்பே சைக்கிளை காரில் மாட்டிக்கொண்டு வைரோக்வா, கூன் வேலி, ஆன்டாரியோ (கனடா மாகாணம் இல்லை, இங்குள்ள ஊர்) பக்கம் கிளம்பிவிடுவேன். போன வாரம் படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. சைக்கிள் பழுதுபார்ப்பு எனக்குத் தெரியாது, சாலைகள் தெரியும். எல்லாருக்கும் முதலில் ஒன்று: இறக்கத்து வளைவில் சரளைக்கல் கிடக்கும். பண்ணை வழிகள் எல்லாம் சரளை, மழை பெய்தால் அது உருண்டு வந்து தார்ச்சாலையில் படிந்துவிடும். என் காறை எலும்பு அப்படித்தான் உடைந்தது.

கேள்வி (சிகாகோவிலிருந்து): அக்கா, எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி. 4 மணி நேரம் ஓட்டி வந்தால் திடீரென்று இவ்வளவு மேடு பள்ளம் எங்கிருந்து வந்தது? கார் வராத இந்தக் குட்டிச் சாலைக்கெல்லாம் யார் தார் போட்டார்கள்?

பதில்: நான் பேச ஆசைப்பட்டதே இதைத்தான். கடைசிப் பனியுகத்தில் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் பனிப்பாளம் தேய்த்துவிட்டுப் போனது. அது கொண்டுவந்து கொட்டும் கல், மணல், களிமண் கலவைக்கு டிரிஃப்ட் என்று பெயர். இந்த மூலையை மட்டும் பனி மூடவில்லை, அதனால்தான் டிரிஃப்ட்லெஸ் பகுதி என்கிறார்கள். மலை என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். மேட்டின் மேல் நின்று பார்த்தால் சுற்றியிருக்கும் மேடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம், ஏனென்றால் அதுதான் பழைய தரைமட்டம். கீழே மணற்கல், மேலே அதைவிடக் கெட்டியான டோலமைட் பாறை. ஓடைகள் அதை அறுத்து இறங்கி பள்ளத்தாக்குகளாக்கிவிட்டன. ஆகவே இங்கே ஏறுகிற ஏற்றமெல்லாம் நீங்கள் முன்பு இறங்கியதற்கான ஏற்றம்தான். ஒரு தடவைக்கு 100 முதல் 150 மீட்டர், ஒரு நாளில் அப்படி எட்டு, பத்து.

தார் போட்டது பாலுக்காக. இந்த மாநிலம் முழுக்க மாட்டுப் பண்ணைகள், கறந்த பால் மழையோ பனியோ பண்ணையை விட்டுப் போயாக வேண்டும். மண்சாலையில் லாரி மாட்டிக்கொண்டால் பால் வீண். அதனால் கடைசிப் பண்ணையின் வாசல் வரைக்கும் சாலையைக் கெட்டிப்படுத்தினார்கள். இன்றைக்குப் பண்ணைகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன, சாலை அப்படியே இருக்கிறது. அரை மணி நேரத்தில் ஒரு பிக்அப் லாரியும் ஒரு டிராக்டரும் வந்தால் அதிகம். 1973 முதல் மாநிலமே இப்படிப்பட்ட சில சாலைகளை 'ரஸ்டிக் ரோடு' என்று அறிவித்து, பழுப்பும் மஞ்சளுமாகப் பலகை வைக்கிறது. அந்தப் பலகையைப் பார்த்தால் யோசிக்காமல் திரும்புங்கள்.

கேள்வி (புதிதாக ஓட்டுபவர்): என்ன கியர் வேண்டும்?

பதில்: முன்னால் சின்னப் பற்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 34 பல். அதற்கும் லேசாக இருந்தால் இன்னும் நல்லது. ஓடையோரமாகத் தேனாகப் போகும் சாலை, மேட்டின் தோளுக்கு வரும்போது கடைசி அரை மைல் 10 சதவீதத்துக்கு மேல் நிமிர்ந்துவிடும். கீழேயே மூச்சைச் செலவழித்துவிடாதீர்கள்.

கேள்வி (இரண்டு பிள்ளைகளின் அப்பா, மில்வாக்கி): 8 வயதுப் பெண்ணோடு வரலாமா?

பதில்: சாலைக்கு வேண்டாம், எல்ராய்–ஸ்பார்ட்டா பாதைக்குப் போங்கள். பழைய ரயில் தடத்தை 1960களில் சைக்கிள் பாதையாக்கினார்கள், அமெரிக்காவில் இந்த மாதிரிப் பாதைகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான். 32 மைல், பொடிச் சுண்ணாம்புக்கல் தளம், ரயிலுக்கு வெட்டிய தடம் என்பதால் ஏற்றமே தெரியாது. 3 சுரங்கம் உண்டு, நார்வாக் பக்கத்துச் சுரங்கம் முக்கால் மைல் நீளம். உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், ஜூலையிலும் குளிரும், மேலிருந்து தண்ணீர் சொட்டும். ஆளுக்கு ஒரு டார்ச், பாப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர். 16 வயது ஆனவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் அனுமதிச் சீட்டு வாங்கணும். தார்த் தளம்தான் வேண்டுமென்றால் மின்னசோட்டாவில் லேன்ஸ்பரோ ஊரை ஒட்டிய ரூட் ரிவர் பாதை.

கேள்வி (மினியாபோலிஸ்காரர்): எல்லாரும் புகழும் பெரிய நதிச் சாலையை, 35ஆம் நெடுஞ்சாலையை நீங்கள் சொல்லவே இல்லையே? மிசிசிப்பியை ஒட்டி 250 மைல், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்துப் பாறை. இதைவிட அழகு எது?

பதில்: காரில் போக அழகான சாலை, மறுக்கவில்லை. சைக்கிளுக்கு நான் சொல்ல மாட்டேன். கோடை வார இறுதியில் மோட்டார்சைக்கிள் கூட்டம், படகு இழுத்துவரும் வண்டிகள், வீடு மாதிரி பெரிய வேன்கள். சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் பல இடங்களில் ரயில் தண்டவாளம்.

கேள்வி (அவரே): ஓரத்தில் அகலமாக இடம் விட்டிருக்கிறார்கள். நான் மெய்டன் ராக்கிலிருந்து பெப்பின் வரை ஓட்டினேன், ஒரு பயமும் இல்லை.

கேள்வி (லா கிராஸ் மாணவர்): அண்ணன் சொல்வது சரிதான் அக்கா, 35இல் ஓரம் நன்றாகவே இருக்கிறது. முந்தும் வண்டி 3 அடி தள்ளிப் போகணும் என்று சட்டமும் இருக்கிறது.

பதில்: சட்டம் இருக்கிறது, சரி. என் வாதம் பயத்தைப் பற்றியது மட்டும் இல்லை. பனியுகம் முடியும்போது வடக்கே இருந்த மாபெரும் ஏரி உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கை ஆழமாக அறுத்தது, பிறகு மணல் வந்து அடியை நிரப்பியது. அதனால் ஆறு இன்றைக்குப் பல கிளையாகப் பிரிந்து, தீவும் சதுப்பும் மரமுமாகக் கிடக்கிறது. கீழே ஓட்டினால் பாதி நேரம் மரம்தான் தெரியும். மேலே ஏறினால்தான் ஆறு தெரியும். லா கிராஸில் கிராண்டட் பிளஃப் குன்றின் உச்சியில் நின்று பாருங்கள், ஊருக்கு மேலே 180 மீட்டர், மூன்று மாநிலம் தெரியும். வையலூசிங் பூங்காவில் மேலே நின்றால் விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பியில் கலக்கிற இடம் காலடியில் விரியும். 1673இல் பிரெஞ்சு நாடுகாண் பயணிகளான மார்க்கெட்டும் (Marquette) ஜோலியேவும் படகில் வந்து மிசிசிப்பியைச் சேர்ந்த இடம் அது. மூன்றாவது காரணம், 35இல் ஒரே காட்சி மணிக்கணக்காக ஓடும். பக்கத்துக் கூலீக்குள் திரும்பினால் (பக்கப் பள்ளத்தாக்குக்கு இங்கே அப்படித்தான் பெயர், பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது) ஒவ்வொரு வளைவிலும் வேறு ஓடை, வேறு களஞ்சியம், வேறு வாசனை.

கேள்வி (மினியாபோலிஸ்காரர்): பெப்பின் ஏரிப் பகுதியையாவது விட்டுக்கொடுங்கள்.

பதில்: அதை விட்டுத்தருகிறேன். சிப்பெவா ஆறு கொண்டுவந்து தள்ளிய மணல் மிசிசிப்பியை அடைத்து உண்டாக்கிய ஏரி அது, அங்கே நீர் திறந்து கிடக்கிறது. வார நாளில், காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். மற்றபடி என் கருத்து மாறவில்லை. இந்த விவாதம் இத்தோடு போதும், வேறு 20 கேள்வி காத்திருக்கிறது.

கேள்வி (சிகாகோ): என்ன சைக்கிள் வாங்கலாம்?

பதில்: கடையில் கேளுங்கள். டயர் 32 மி.மீ. போடுகிற இடம் இருக்கட்டும்.

கேள்வி (மேடிசன்): நல்ல ரூட் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: கூன் வேலியிலிருந்து கவுண்டி பி (P) சாலை. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. டிம்பர் கூலீ ஓடையோரமாக வெஸ்ட்பி பக்கம் ஏறும். ஓடையில் டிரவுட் மீன் பிடிப்பவர்கள் நிற்பார்கள், கை காட்டுங்கள். வழியில் வயல்களைக் கவனியுங்கள், சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக மக்காச்சோளமும் புல்லும் மாறி மாறி இருக்கும். ஒரு காலத்தில் இங்கே மண் அரித்துக்கொண்டு போய் பள்ளத்தாக்கே பாழாகிக்கிடந்தது. 1933இல் நாட்டிலேயே முதல் பெரிய மண் பாதுகாப்புத் திட்டம் இந்தக் கூன் வேலியில்தான் தொடங்கியது, அந்தப் பட்டைகள் அப்போது விவசாயிகள் கற்றுக்கொண்டவை. ஒரு எச்சரிக்கை: கவுண்டி சாலைகளுக்கு எண் இல்லை, எழுத்துதான், அதே எழுத்து அடுத்த கவுண்டியில் வேறு சாலைக்கு இருக்கும். பள்ளத்தில் போனில் சிக்னலும் போய்விடும். காகித வரைபடம் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். வெஸ்ட்பியிலிருந்து திரும்பி இறங்கும்போது வளைவில் சரளை.

கேள்வி (பெயர் வேண்டாம்): அக்கா, பெண் தனியாக ஓட்டலாமா?

பதில்: நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். பஞ்சராகி நின்றபோதெல்லாம் வந்த முதல் வண்டி நின்று விசாரித்திருக்கிறது. ஆனால் எந்தச் சாலை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன், நீங்களும் செய்யுங்கள். புல்லில் உட்கார்ந்தால் மான் உண்ணி ஏறும், லைம் நோய் அதனால் வருவதுதான். வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில், தலைமுடிக்குள் பாருங்கள். நாய் துரத்தினால் கத்தி "வீட்டுக்குப் போ" என்று ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி (டுபுக்): கார் வைத்துக்கொள்ளாத பழமைவாதக் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களின் குதிரை வண்டியை எப்படி முந்துவது?

பதில்: நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. சைக்கிளுக்குச் சத்தமே இல்லை, குதிரை மிரண்டுவிடும். தூரத்திலிருந்தே சாதாரணமாகக் குரல் கொடுங்கள், மணி அடிக்காதீர்கள். முழு அடுத்த தடத்துக்கு விலகி, மெதுவாக. முகத்துக்கு நேராகப் படம் எடுக்காதீர்கள், அவர்களுக்கு அது பிடிக்காது. ஞாயிறன்று அவர்கள் விற்க மாட்டார்கள், ரொட்டி வாங்கலாம் என்று நம்பிப் பட்டினி கிடக்காதீர்கள்.

கேள்வி (நேப்பர்வில்): என்ன கியர் வேண்டும்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (ராக்ஃபோர்ட்): இலையுதிர் காலத்தில் எப்போது?

பதில்: அக்டோபர் முதல் இரண்டு வாரம். கேஸ் மில்ஸ் ஆப்பிள் தோட்டத்துச் சாலைக்கு மட்டும் அந்த வார இறுதிகளில் போகாதீர்கள், ஊரே காரில் வரும்.

கேள்வி (மேடிசன், இன்னொருவர்): ரூட் ஜிபிஎக்ஸ் கோப்பு (ஜிபிஎஸ் கருவியில் ஏற்றும் வழித்தடக் கோப்பு) அனுப்புங்களேன்.

பதில்: இதை ஏழாவது ஆள் கேட்கிறார். அனுப்ப மாட்டேன். கோப்பைப் பார்த்து ஓட்டினால் அழகான பக்கச் சாலையில் திரும்பாமல் போய்விடுவீர்கள். மாநிலப் போக்குவரத்துத் துறை கவுண்டிவாரியாகச் சைக்கிள் வரைபடம் வெளியிட்டிருக்கிறது, எந்தச் சாலை ஏற்றது என்று அதிலேயே குறித்திருக்கிறார்கள்.

கேள்வி (வைரோக்வாவில் அறை எடுத்திருப்பவர்): அக்கா, இங்கே ராத்திரி முழுக்க மழை. காலையில் ஆன்டாரியோவுக்குப் போகலாமா?

பதில்: போங்கள், மழைக்கு அடுத்த காலைதான் பள்ளத்தாக்கில் மூடுபனி நிற்கும். ஆனால் கிக்கப்பூ ஆறு வேகமாக ஏறும், சாலை மேல் தண்ணீர் நின்றால் இறங்காமல் திரும்பிவிடுங்கள். பிரேக் வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் இல்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.