என்ன கிடைக்கும் என்றே தெரியாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முயல்வதில் பலன் உண்டா?

இதைக் கேட்டவர் எதையோ தொடங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும். வீட்டில் யாராவது "இத வச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறாததால் எழுதுகிறேன்.

எனக்கு மதுரை, வில்லாபுரம் பக்கம். வீட்டிலிருந்தே பூக்கட்டுகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து வியாபாரி அண்ணன் மல்லி மொட்டுகளைக் கொண்டுவந்து போடுவார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கட்டுகிற கைக்கு அதனால் ஒரு ரூபாய் கூடவில்லை. மார்கழிப் பனியில் மல்லி கிலோ 2,000 தாண்டிவிட்டது என்று பேப்பரில் போட்டதும் "ஒனக்கென்னத்தா, இந்த மாசம் நல்ல காசு" என்பார்கள். செடி பூக்காததால்தானே அந்த விலை! கட்டப் பூவே வராது. நாளைக்கு எத்தனை கிலோ வரும் என்று பதினாறு வருடமாகத் தெரியாமலேதான் ஓடுகிறது.

2022 ஜூனில் மகளைத் தமிழ் டைப்ரைட்டிங்கில் சேர்த்தேன். ஒரே வாரத்தில் விரல் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். மாதப் பணம் 500 கட்டியாகிவிட்டது, திருப்பித் தரமாட்டார்கள். வீணாகப் போகிறதே என்று அவள் நேரத்தில், காலை 6 மணிக்கு, நான் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என் லட்சியம். பத்தாவது பாஸ் என்பதால் பரீட்சையும் எழுதலாம் என்பது அங்கே போன பிறகுதான் தெரியும்.

பூக்கட்டுகிற கை வேகமான கைதான், ஆனால் சுண்டுவிரலுக்கு அதில் வேலை கிடையாது. தமிழ் மெஷினில் 'ய' இடது சுண்டுவிரலுக்கு வரும். நான் அடித்த 'ய' எல்லாம் தண்ணீர் பட்டது போல மங்கலாக விழும். புள்ளி வலது சுண்டுவிரலுக்கு. அது நகரா விசை. முதலில் புள்ளியை அடிக்க வேண்டும், பேப்பர் ஏற்றிய வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், பிறகு எழுத்தை அடித்தால்தான் நகரும். நான் பழக்கதோஷத்தில் எழுத்தை முதலில் அடித்துவிடுவேன், புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். "சுண்டுவெரல் செத்துக் கெடக்கும்மா" என்பார் சார்.

தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் அன்றைய தப்புகளை எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன். இப்போது எடுத்துப் பார்த்தேன்: 23, 19, 24, 24, 17, 26. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்கிறார்களே, அதெல்லாம் இல்லை. நாலு மாதம் இப்படியே கிடந்து, ஐப்பசியில் ஒருநாள் 9. மறுநாள் 15. 'ய' மட்டும் எப்போது கறுத்தது என்று நானே கவனிக்கவில்லை.

தினமும் போனேன் என்று சொன்னால் பொய். மாமியாருக்கு ஆபரேஷன் என்று இருபது நாள் போகவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டால், அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்புகிற வரை எனக்கு அடுப்படிதான். ஒருநாள்கூட விடக்கூடாது என்று வீடியோவில் பேசுகிறவர்களுக்கு வீட்டில் வேறு யாரோ சோறாக்குகிறார்கள். விட்ட பிறகு திரும்பிப் போகிற அந்த முதல் காலைதான் எனக்குக் கஷ்டம். சார் ஒன்றும் கேட்கமாட்டார், பக்கத்தில் இருக்கும் காலேஜ் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் பஸ்ஸைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிற டிரைவர்கள் சிலர் இருக்கிறார்கள். வகுப்புக்குப் போக ஐந்தே முக்கால் இருட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். எல்லோரையும் சொல்லவில்லை, நிறுத்தி ஏற்றிக்கொள்கிற நல்லவர்களும் உண்டு.

2023 பிப்ரவரியில் டைப்ரைட்டிங்கின் கீழ்நிலைப் பரீட்சையான லோயர் எழுதினேன், நிமிடத்துக்கு 30 சொல். பேப்பர் ரோலரில் கோணலாக ஏறிவிட்டது, சரிசெய்வதற்குள் பதற்றத்தில் எல்லாம் போயிற்று. ஃபெயில். ஆகஸ்டில் திரும்ப எழுதி பாஸ்.

"அப்ப கவர்மென்ட் வேலை வாங்கிட்டீங்களா?" என்று கீழே யாராவது கேட்பீர்கள். இல்லை. கோர்ட் பக்கம் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் மதியம் வரை கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கிறேன், பக்கத்துக்குக் காசு. சில நாள் பூக்கூலியைவிடக் கம்மியாகத்தான் வரும். பூக்கட்டுவதை மட்டம் தட்டுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம், சாயங்காலம் இன்றைக்கும் கட்டுகிறேன். போன வாரம் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் அடித்தேன். வக்கீலின் கட்சிக்காரர் வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "தப்பே இல்லியேம்மா" என்று மடித்துப் பையில் வைத்தார். அதற்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

அடுத்த நிலையான ஹையருக்கு நிமிடத்துக்கு 45 சொல் வேண்டும். எழுதியிருக்கிறேன், ரிசல்ட் வரவில்லை. வந்தாலும் என்ன ஆகும் என்று தெரியாது. நாளைக்கு முகூர்த்தம், மூன்று கிலோ மொட்டு ஈரத்துணியில் கிடக்கிறது. விரிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும்.