கண்டுபிடித்தால் மார்பை எடுத்துவிடுவார்களா?

தங்கச்சி, களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு 52 வயது, கட்டி எதுவும் இல்லை, ஆனாலும் “கண்டுபிடிச்சா மார்பை எடுத்துப்போடுவாங்க” என்று மெமோகிராமுக்கு (மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே படம்) மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மார்பகப் புற்று வந்த சித்திக்கு நடந்ததைப் பார்த்தவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் விஷயம் நேர்மாறு. சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டால் பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் போதும். 20 வருடம் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியான ஆய்வுகளில், முழு மார்பையும் எடுத்தவர்கள், கட்டியை மட்டும் எடுத்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. சின்னதாக இருந்தால் அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் குறைவாகவே எடுப்பார்கள், அதனால் கை வீங்கும் தொல்லையும் குறையும். சிலருக்குக் கீமோவே தேவைப்படாது.

உயிர் தப்புவது பற்றி ஒன்று. “முந்திக் கண்டவர்களில் ஐந்து வருடம் தாண்டுவோர் அதிகம்” என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். இறக்கும் நாள் மாறாவிட்டாலும், முந்திக் கண்டதாலேயே வருடங்கள் கூடித் தெரியும். இறப்பைத்தான் பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்று மரணம் சுமார் 20 சதவீதம் குறைவு என்று 2012இல் பிரித்தானிய நிபுணர் குழு சொன்னது. தொல்லை தராமலே கிடந்திருக்கும் சில கட்டிகளுக்கும் வைத்தியம் நடந்துவிடுகிறது என்றும் அதே குழு சொன்னது. அதையும் அம்மாவிடம் மறைக்க வேண்டாம்.

சரி, முதலில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் பெண்களுக்கான கிளினிக் எந்த நாள் என்று மிட்வைஃபிடம் கேளுங்கள். அங்கே மார்பைக் கையால்தான் தொட்டுப் பார்ப்பார்கள். சித்திக்கு எத்தனை வயதில் வந்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மெமோகிராம் எடுக்கும் நாளில் அக்குளில் பவுடர் பூச வேண்டாம், படத்தில் புள்ளி புள்ளியாய் விழும்.