பயிற்சி கொடுத்தவர்கள் விட்டுப் போகிறார்கள்: பாண்ட் எழுதி வாங்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். கல்லூரி முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தால், கை தேர்ந்ததும் திருவனந்தபுரத்துக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். பயிற்சியைக் குறைப்பதா, பாண்ட் எழுதி வாங்குவதா?

இரண்டுமே பலன் தராது என்பதுதான், இதே ஊரில் ஏறக்குறைய இதே அளவுள்ள குழு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் என்னுடைய கருத்து.

பாண்ட் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவை நியாயமான அளவில் ஈடுகட்டச் சொல்லும் நிபந்தனையை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு. ஆனால் அதற்காக வழக்கு நடத்த உங்களுக்கு நேரமும் பணமும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கத்தை நம் பகுதியில் சிலர் இன்னும் விடவில்லை. அது முறையும் அல்ல. மனம் வெளியே போய்விட்டவரை நாற்காலியில் உட்கார வைப்பதால் வேலை நடக்கப்போவதும் இல்லை. அறிவைக் கொண்டு உழைப்பவர்களைத் தனி வகையினராக 1959-இலேயே அடையாளம் காட்டிய மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர், அவர்களுடைய உற்பத்திக் கருவி அவர்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பின்னரும் வலியுறுத்தி வந்தார். அந்தக் கருவியை நீங்கள் ஜப்தி செய்ய முடியாது.

அடுத்தது பயிற்சிச் செலவு. எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத் திறனுக்கான செலவை, பயிற்சிக் காலத்தில் குறைந்த ஊதியத்துக்கு உழைப்பதன் மூலம் பெரும்பாலும் தொழிலாளியே ஏற்கிறார் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் விளக்கினார். புதியவர்களுக்கு நாம் கொடுக்கும் தொடக்கச் சம்பளத்தை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சரி என்பது விளங்கும். பத்து மாதத்தில் அவருடைய சந்தை மதிப்பு ஏறிவிடுகிறது. நம்முடைய சம்பள உயர்வோ ஏப்ரல் வரும்வரை அசையாது. ஆட்கள் கழன்றுகொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். எனவே நாட்காட்டியைப் பார்க்காமல் திறனைப் பார்த்து உயர்வு கொடுங்கள்: ஒருவர் முதல்முறையாக ஒரு மென்பொருள் வெளியீட்டைத் தனியாக முடித்த மாதமே, ஒரு வாடிக்கையாளரைத் தனியாகச் சமாளிக்கத் தொடங்கிய மாதமே, சிறிய அளவிலாவது சம்பளம் ஏறட்டும். பெங்களூர்ச் சம்பளத்துக்கு ஈடுகட்ட வேண்டும் என்று பயப்பட வேண்டாம். தக்கலையில் சொந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருபவருக்கு அறை வாடகையும் மெஸ் செலவும் இல்லை. திருவனந்தபுரத்தின் மென்பொருள் பூங்காவான டெக்னோபார்க்குக்காகக் குழித்துறையில் காலை ரயிலைப் பிடித்துக் கழக்கூட்டம் வரை போய்வரும் அலைச்சலும் இல்லை. ஆகவே, வித்தியாசம் அவர் தாங்கக்கூடிய அளவில் இருந்தால் போதும்.

ஆனால் பணத்தை மட்டும் சரிசெய்துவிட்டு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. முடிவெடுக்கப் பழகியவர்களுக்குத்தான் பஞ்சம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவரைக் கவனித்திருப்பீர்கள். பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே இருக்கும் வளர்திசுவில் கத்தி பட்டால் மரத்தில் காயம் விழுந்து, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆகவே வளர்திசுவுக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். அந்த ஆழத்தை எந்தக் கையேடும் கைக்குக் கற்றுத் தராது. பழகியவர் பக்கத்தில் நிற்க, பழகாதவர் தானே கத்தியைப் பிடித்து வெட்டினால்தான் வரும்.

நம் அலுவலகங்களில் கத்தி கடைசிவரை மூத்தவர் கையிலேயே இருக்கிறது. மருத்துவமனை பில்லிங் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் முடிந்த பிறகு நோயாளி மீதி மருந்தைத் திருப்பிக் கொடுத்தால், பழைய பில்லைத் திருத்துவதா, தனியாக ஒரு திருப்புச் சீட்டுப் போடுவதா, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஏற்கெனவே அனுப்பிய தொகையை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள் எழும். அவற்றுக்கான விடை ஒரே ஒருவருக்குத் தெரிந்திருக்கும். இளையவருக்கு "இந்தக் கட்டத்தை மாற்று" என்ற உத்தரவு மட்டும் வரும். எங்கள் குழுவில் இதை மாற்றினோம். வாடிக்கையாளருடன் பேசுவது இளையவர். மூத்தவர் அழைப்பில் இருப்பார், கேட்டாலொழிய வாய் திறக்க மாட்டார் (மூத்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்). பேசி முடித்ததும், எந்த வழியை ஏன் தேர்ந்தோம், எதை ஏன் விட்டோம் என்று இளையவரே அரைப் பக்கம் எழுதிப் பொதுக் கோப்பில் சேர்ப்பார். ஆள் வளர்வதும் அறிவு நிறுவனத்தில் தங்குவதும் அந்த அரைப் பக்கத்தால் ஒருசேர நடக்கின்றன. நாளை அவர் போனாலும் அடுத்தவர் வெறுங்கையுடன் தொடங்க வேண்டியதில்லை.

இவ்வளவு செய்த பிறகும் சிலர் போகத்தான் செய்வார்கள். அவர்களுக்கு அனுபவச் சான்றிதழையும் கணக்குத் தீர்ப்பையும் இழுத்தடிக்காமல் கடைசி நாளன்றே கொடுத்துவிடுங்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ, திருமணத்துக்குப் பிறகோ ஊர் திரும்ப நினைப்பவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். அப்படி வெளியே வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இருவர்தான் இப்போது எங்கள் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.