ஃப்ளஷ் டேங்கிலிருந்து கோப்பைக்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. டேங்கையே மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். போன கோடையில் எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். காலையில் மோட்டார் போட்டு நிரப்பிய மேல்தொட்டி மாலைக்குள் காலியாகிவிடும். வந்து பார்த்த பிளம்பர், "டேங்க் பழசாகிவிட்டது சார், புதிதாகப் போட்டுவிடலாம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

தண்ணீர் டேங்கிலிருந்து கோப்பைக்குள் போவதற்கு இரண்டே வழிகள். டேங்க் நிரம்பியதும் தண்ணீர் வரவை நிறுத்தும் மிதவை வால்வு சரியாக மூடாமல், நிரம்பிய தண்ணீர் டேங்குக்குள் நிமிர்ந்து நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வழியலாம். அல்லது அடியிலுள்ள ஃப்ளஷ் வால்வின் ரப்பர் வாஷர் படியாமல் கசியலாம். கோப்பையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது என்று தெரியாமல் கடைக்குப் போகவே போகாதீர்கள்.

டேங்க் நிரம்பியதும் டேங்குக்குத் தண்ணீர் விடும், சுவரிலுள்ள சிறு குழாயை (ஆங்கிள் காக்) மூடிவிட்டு, நீர்மட்டத்தை உள்பக்கம் பென்சிலால் குறியுங்கள். ஒரு மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயளவில் அப்படியே நின்றால் கோளாறு மிதவையில். அதற்கும் கீழே இறங்கினால் வாஷர்தான். எங்கள் வீட்டில் 10 லிட்டர் டேங்க் பாதியாகியிருந்தது. மணிக்கு 5 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 120 லிட்டர்! கணக்குப் போட்டதும் வயிறு எரிந்தது. இன்னும் சந்தேகமிருந்தால் டேங்கில் சிறிது கேசரிப் பவுடரைக் கரைத்துவிடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே அரை மணியில் கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி.

டேங்கைக் காலிசெய்துவிட்டு ஃப்ளஷ் வால்வை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருகினேன், கையோடு வந்துவிட்டது. வாஷரைச் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு. எங்களுடையது போர் தண்ணீர். வாஷரின் விளிம்பில் ஒரே இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு கட்டி ஒட்டியிருந்தது. அந்த இடைவெளிதான் அத்தனை தண்ணீரையும் குடித்திருக்கிறது. அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். வால்வு உட்காரும் பிளாஸ்டிக் வாயையும் துணியால் துடைக்க வேண்டும். பிளேடால் சுரண்டினால் கீறல் விழுந்து அங்கேயும் கசியும். டேங்கில் ஆசிட் ஊற்றும் வழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். உலோகப் பாகங்கள் அரித்துப்போகும். வாஷர் விறைத்துப்போயிருந்தால் அதையே கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள்.

மிதவையில் கோளாறென்றால், அதிலுள்ள திருகைத் திருப்பி, ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் வால்வுக்குள் மணல் சிக்கியிருக்கலாம், கழற்றிக் கழுவுங்கள்.

கோப்பையின் அடியில் தரை நனைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். துடைத்துவிட்டு நான்கு பக்கமும் செய்தித்தாள் விரித்து ஃப்ளஷ் செய்யுங்கள். அப்போது மட்டும் தாள் நனைந்து நாற்றமும் அடித்தால், கசிவது கழிவுக்குழாய் இணைப்பு. கோப்பையையே கழற்றிப் பூச வேண்டிய வேலை அது. அதற்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.