டோக்கியோவில் எந்த ஹோட்டல்? கேளுங்கள், சொல்கிறேன்

கல்யாணமாகி 25 வருடம் ஆகிறது. ஒரே ஒரு இரவு ஆடம்பரமாகத் தங்க ஆசை. அமானா, ஹோஷினோயாவா?

ஹோஷினோயா. அமான் லாபியின் கூரை சுமார் 30 மீட்டர் உயரத்தில், உள்ளே விளக்கேற்றிய காகிதக் கூண்டு மாதிரி இருக்கும். கெர்ரி ஹில் வடிவமைத்தது. ஆனால் ஒரு தேநீர் செலவில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். ஹோஷினோயா தங்கினால்தான் உண்டு. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், நமக்கு அதில் என்ன கஷ்டம்? லிப்டுக்குள்கூடத் தடாமி பாய். உச்சி மாடியில், 1500 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் வெந்நீரில் குளியல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. உடுப்பில்லாமல்தான் இறங்க வேண்டும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆர்க்கிடெக்சர் மாணவி நான். தங்க வசதியில்லை, பார்க்க மட்டும் எது?

ஒக்குரா ஹோட்டலின் லாபி. 1962-ல் யோஷிரோ தானிகுச்சி அமைத்தது. 2015-ல் இடிக்கப் போனபோது உலகம் முழுக்க எதிர்ப்பு. 2019-ல் திறந்த புதுக் கட்டடத்தில் அதை அப்படியே மறுபடி அமைத்தவர் அவருடைய மகன் யோஷியோ. மாடிப்படி ஏறிக் கீழே பாருங்கள். வட்ட மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலி, எல்லாம் சேர்ந்து விரிந்த ஒரு பிளம் பூ. உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியாது.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் கட்டிய இம்பீரியல் ஹோட்டலில் அறை கிடைக்குமா?

இம்பீரியலில் கிடைக்கும், ரைட் கட்டியதில் கிடைக்காது. அதை 1968-ல் இடித்தாயிற்று. திறப்பு விழா நாளே 1923 செப்டம்பர் 1, பெரும் நிலநடுக்கம் வந்த நாள். கீறல்கூட விழவில்லை என்பது கட்டுக்கதை. அடிபட்டது, ஆனால் விழவில்லை. முகப்பும் லாபியும் நகோயா பக்கம் மெய்ஜி முரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இப்போதைய ஹோட்டலின் பழைய பாரிலும் ரைட்டின் கற்கள் கொஞ்சம் மிச்சம்.

சுத்த சைவம். காலை உணவுக்கு என்ன செய்வது?

சைவம் என்று மட்டும் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு விடுதியில் எனக்குச் சைவம் என்று சூடான டோஃபு வந்தது. மேலே மரச்சீவல் மாதிரி ஏதோ ஆவியில் நெளிந்து நெளிந்து ஆடியது. சீவிய மீன் கருவாடு! சூப்பிலும் அதே மீன் சாறுதான், தாஷி என்பார்கள். அதனால் புக் செய்யும்போதே ‘மீன் தாஷியும் வேண்டாம், கொம்பு தாஷி போதும்’ என்று எழுதுங்கள். கொம்பு என்பது கடற்பாசி.

டிப்ஸ் எவ்வளவு?

கொடுக்க வேண்டாம். சேவைக் கட்டணம் பில்லிலேயே ஏறியிருக்கும்.

பெரிய ஹோட்டல் என்றாலே எனக்கு ஆகாது. சின்னதாக?

கபுத்தோச்சோ பகுதியில் கே5. 1923-ல் கட்டிய வங்கிக் கட்டடத்தை 2020-ல் ஹோட்டலாக்கினார்கள், மொத்தம் 20 அறைதான். கட்டிலைச் சுற்றி உத்தரத்திலிருந்து தரைவரை வட்டமாக ஒரு துணித்திரை, இண்டிகோ நீலம் மெல்ல மெல்ல வெளுக்கிறது. இழுத்துவிட்டுப் படுத்தால் கொசுவலைக்குள் படுத்த சின்ன வயசு ஞாபகம், கொசு மட்டும் இல்லை.