உளவியலாளரிடம் முதன்முறை செல்லும்போது: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. சில மாதங்களாகப் பள்ளிக்கூட நாட்களில் காலையில் வயிற்று வலி என்று அழுகிறான். விடுமுறை நாட்களில் வலி வருவதில்லை. டாக்டர் சோதித்துவிட்டு உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்றார். உளவியலாளரிடம் காட்டும்படி பள்ளியில் சொல்கிறார்கள். அங்கே என்ன செய்வார்கள்? விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ? மாமியார் காலமானதிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. நானும் அவரிடமே போகலாமா? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: உங்கள் மகன் நடிக்கவில்லை, அம்மா. அச்சம் மிகும்போது உடல் குடலின் இயக்கத்தையே மாற்றிவிடுவதால், அவன் உணரும் வலி உண்மையான வலிதான். வீட்டில் இருந்துவிட்டால் அந்த அச்சம் உடனே தணிகிறது. தணிந்த சுகத்தை மனம் நினைவில் வைத்துக்கொள்வதால் மறுநாள் காலையில் பள்ளி இன்னும் பெரிய பயமாகத் தெரிகிறது. நாள் செல்லச் செல்ல அவன் திரும்பிப் போவது கடினமாகும் என்பதால், அடுத்த பள்ளித் தவணை வரை பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நடக்கும். உளவியலாளர் மருந்து எழுதித் தருவதில்லை. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ உங்கள் டாக்டரிடமோ அனுப்புவார். பிள்ளையின் விஷயமென்றால் பலர் முதலில் பெற்றோரைத் தனியே அழைத்து, பிறப்பு, பேசவும் நடக்கவும் தொடங்கிய வயது, பள்ளி மாறியது, வீட்டில் நேர்ந்த சாவு, சண்டை, பண நெருக்கடி என்று விரிவாகக் கேட்பார்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்காகக் கேட்கிறார்கள் என்று எண்ணி எதையும் மறைக்க வேண்டாம். பாட்டியின் மறைவுக்கும் மகனின் வலிக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சொன்னால்தான் அவரால் அதை ஆராய முடியும். கோயிலில் நேர்ந்துகொண்டதையும் பூசாரியிடம் திருநீறு வாங்கியதையும்கூடச் சொல்லுங்கள். நல்ல உளவியலாளர் அவற்றைக் கேலி செய்யமாட்டார். நீங்களும் அவற்றை விட வேண்டியதில்லை. பள்ளி மதிப்பெண் அறிக்கைகளையும் தடுப்பூசி, வளர்ச்சி விவரங்கள் எழுதிய சிறு வயதுக் கிளினிக் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

பிறகு மகனுடன் தனியே பேசுவார். இந்த வயதில் பேச்சே போதும்; சிறு குழந்தைகளானால் விளையாட்டும் படம் வரைதலும் அந்த இடத்தைப் பிடிக்கும். எங்கே போகிறோம் என்பதை முந்தின நாளே அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: ஊசி இல்லை, பரீட்சை இல்லை, சரி தவறு என்ற பதில்கள் இல்லை, இது தண்டனையும் இல்லை. இன்னது சொல், இன்னது சொல்லாதே என்று பழக்கி அனுப்பாதீர்கள். திரும்பி வரும் வழியில் காரிலேயே விசாரணை தொடங்கவும் வேண்டாம். படிப்பில் சிக்கல் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் கல்வி உளவியலாளர் தனியாகத் தேர்வுகள் நடத்துவார். அது சில மணி நேரம் பிடிக்கும் வேலை. பெற்றோருக்கு அறிக்கை தரப்படும். பள்ளித் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்க அந்த அறிக்கை உதவும்.

உங்களை அதிகம் வருத்துவது ஊர்ப்பேச்சு என்று தெரிகிறது. ஒரே கோயில், ஒரே கல்யாண மண்டபம் என்று வாழும் நம்மவரிடையே அந்த அச்சம் நியாயமானது. எச்.பி.சி.எஸ்.ஏ. எனப்படும் உடல்நலத் தொழில்கள் மன்றத்தில் பதிவு பெற்றவரே உளவியலாளராகத் தொழில் செய்ய முடியும். அவர் பெயரை அந்த மன்றத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். இரகசியம் காப்பது அவருடைய தொழில் விதி. மீறினால் அந்த மன்றத்திடமே புகார் செய்யலாம். உங்கள் சம்மதமில்லாமல் பள்ளிக்கு அறிக்கை போகாது. வெளியே எங்காவது எதிர்ப்பட்டால், நீங்கள் முதலில் பேசாதவரை பல உளவியலாளர்கள் அறிமுகம் காட்டிக்கொள்ளமாட்டார்கள். உறவினராகவோ குடும்ப நண்பராகவோ இருப்பவரைத் தவிர்த்து, வேறு பகுதியில் இருப்பவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மெடிக்கல் எய்டு எனப்படும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வழியாகக் கட்டணம் செலுத்தினால் பில்லில் நோய்க் குறியீடு இடம்பெறும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். என்ன எழுதப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்பது உங்கள் உரிமை.

இரகசியத்துக்கு எல்லையும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்று கண்டாலோ, நீதிமன்றம் ஆணையிட்டாலோ அவர் பேச வேண்டியிருக்கும். பிள்ளை கொடுமைப்படுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் எழுந்தால் 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆகவேண்டும். அதே சட்டம், 12 வயது நிரம்பி, போதிய பக்குவமும் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்கிறது. ஆகவே உங்கள் மகனிடமும் சம்மதம் கேட்பார். அவன் சொல்வதையெல்லாம் உங்களிடம் ஒப்பிக்கமாட்டார். இது தாய்க்குக் கசப்பாக இருக்கலாம். ஆனால் இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அவன் வாயே திறக்கமாட்டான். பொதுவாக எப்படி முன்னேறுகிறான், வீட்டில் நீங்கள் என்ன மாற்ற வேண்டும் என்பவற்றை உங்களுக்குக் கட்டாயம் சொல்லுவார். காலையில் வலி என்றால் என்ன பதில் சொல்வது, முதல் வாரம் இரண்டு பாடவேளை மட்டும் அனுப்புவதா என்பன போன்ற படிப்படியான திட்டத்தில் உங்கள் பங்கு மிகப் பெரியது. ஒரே சந்திப்பில் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல வாரங்கள் தொடர்ந்து போக வேண்டியிருக்கும்.

உங்களுக்கான உதவியை வேறொருவரிடம் பெறுவதே நல்லது. தன்னைப் பார்க்கும் உளவியலாளர் தனக்கு மட்டும் உரியவர் என்று மகன் நம்ப வேண்டும். உங்களுக்கும் அவனைப் பற்றிய கவலை இல்லாமல் அழ ஓர் இடம் வேண்டும். மனச்சோர்வு நோய் என்று கண்டறியப்பட்டால், மெடிக்கல் எய்டு திட்டங்கள் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் ஆண்டுக்கு 3 வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சையோ, வெளியிலிருந்தபடியே 15 உளச்சிகிச்சைச் சந்திப்புகள் வரையோ அடங்கும். மெடிக்கல் எய்டு இல்லையென்றால் அருகிலுள்ள அரசுக் கிளினிக்கில் தொடங்கி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் மருத்துவமனைக்குச் செல்லலாம், காத்திருக்க நேரும். பல்கலைக்கழகப் பயிற்சிக் கிளினிக்குகளில் கட்டணம் குறைவாக இருக்கும். சந்திப்பு நாள் வருவதற்குள் நீங்களோ மகனோ வாழவே வேண்டாம் என்று நினைக்கத் தொடங்கினால் காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 0800 567 567 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணை அழையுங்கள்; பிள்ளைகள் தாங்களே 116இல் சைல்டுலைன் என்ற குழந்தைகள் உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம்.